பயணத்திட்டம் இரவிலிருந்து தொடங்கட்டும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதித் தேசியப் பூங்காக்களைக் காணப் புறப்படும் குடும்பங்கள், நோயுற்றவரை மட்டும் வீட்டில் விட்டுச் செல்வதை நான் ஏற்பதில்லை. படுக்கையும் கழிப்பறையும் இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டியும் கொண்ட மோட்டார் இல்லம் அவருக்கன்றோ மிகப் பொருத்தம்! ஆனால், திட்டம் அவருடைய இரவிலிருந்து தொடங்கவேண்டும், காட்சிகள் பிறகு. உறங்கும்போது ஆக்சிஜன் கருவி தேவைப்படுவோருக்கு மின்சாரமே முதற்கவலை. பூங்கா முகாம்களில் இரவில் ஜெனரேட்டர் இயக்க அனுமதியில்லை. எல்லோஸ்டோன் பூங்காவினுள் வண்டிக்கு மின்னிணைப்புத் தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றே. அதுவோ 2,300 மீட்டருக்கும் மேலே, காற்று மெலிந்த உயரத்தில் உள்ளது. இதயமோ நுரையீரலோ தளர்ந்தவர்கள், முன்பதிவுக்கு முன்பே மருத்துவரிடம் இவ்வுயரத்தைக் கூறி ஆலோசனை பெறவேண்டும். அவர் மறுத்தால் மனம் தளர வேண்டியதில்லை. சயான் பூங்காவின் வாட்ச்மேன் முகாம் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. அங்கும் மின்னிணைப்பு உண்டு.