குரல் கம்மினால் நெஞ்சையும் பாருங்கள்

கிழக்குத் தாம்பரத்தில் 'வேளச்சேரி, வேளச்சேரி' என்று கூவி ஆள் சேர்க்கும் ஷேர் ஆட்டோக்காரர், மேற்கே சண்முகம் சாலையில் காய்கறி விற்கும் அம்மா, அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர். இவர்களுக்குக் குரல் கம்மினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு' என்று மிளகுப் பாலோடு விட்டுவிடுவார்கள். சில நேரம் அதுவே ஆபத்து.

கழுத்தின் முன்பக்கம் விரல் வைத்து விழுங்கிப் பாருங்கள். மேலும் கீழும் அசைகிறதே, அதுதான் குரல்வளை. பேச்சில் 'சங்கு' என்போம். இதில் மொத்தம் 9 குருத்தெலும்புகள். மூன்று ஒற்றை: முன்னால் கேடயம் போலத் தைராய்டு, கீழே மோதிரம் போலக் கிரிகாய்டு, மேலே சோறு மூச்சுக்குழலுக்குள் போகாமல் காக்கும் குரல்வளை மூடி. மீதி ஆறும் சின்னஞ்சிறிய மூன்று ஜோடிகள்.

அவற்றில் முக்கியமானது அரிட்டினாய்டு ஜோடி. மோதிரத்தின் பின்பக்க விளிம்பில் இரண்டு குட்டிக் கூம்புகளாக உட்கார்ந்திருக்கும். குரல் நாண்களின் பின்முனை இவற்றில்தான் ஒட்டியிருக்கிறது. மூச்சு இழுக்கும்போது இவை விலகி வழிவிடும். பேசும்போது நெருங்கி நாண்களைச் சேர்க்கும். நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முறைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் 200 முறை அதிரும். நாண்கள் சரியாகச் சேராவிட்டால் காற்று கசியும், குரல் கரகரக்கும்.

இதற்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம், 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில், நுரையீரல் காசநோய் முற்றியவர்களுக்குச் சளியோடு வரும் கிருமி குரல்வளையிலும் புண்ணாக்கிவிடும். அரிட்டினாய்டு இருக்கும் பின்பகுதியைத்தான் அது அதிகம் பிடித்தது. இப்படிப்பட்டவர்களுக்கு உலகெங்கும் காசநோய் மருத்துவமனைகளில் தரப்பட்ட சிகிச்சை மௌனம். கிசுகிசுக்கக்கூட அனுமதி இல்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. அரிட்டினாய்டை அசைக்கும் இடப்பக்க நரம்பு நேராகக் கழுத்துக்கு வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் புற்றுநோயோ, நெஞ்சில் வீங்கிய நெறிக்கட்டியோ அந்த நரம்பை அழுத்தினால், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாமலே குரல் போய்விடும்.

எனவே கணக்கு எளிது. சளி, ஜலதோஷத்தால் கம்மிய குரல் ஓரிரு வாரத்தில் திரும்பிவிடும். மூன்று வாரம் தாண்டியும் கரகரத்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, புகைப் பழக்கம் இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இன்று குரல்வளைக் காசநோய்க்கு மௌன விரதம் தேவையில்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் கிருமி என்றால், பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். சீக்கிரம் போனால் போதும்.