தீர்ப்பு யாருக்கு முடிகிறது?

"தீர்ப்புச் சொல்லியாச்சு, இனி என்ன இருக்கிறது?" களமருதூர் டீக்கடையிலும் சரி, கல்வராயன் மலையடிவாரத்திலும் சரி, ஏழை வாயில் இந்தப் பேச்சுத்தான். யார் கற்றுக்கொடுத்த பாடம் இது, தோழர்களே? சட்டம் அப்படிச் சொல்லவில்லையே!

வாச்சாத்தியைப் பாருங்கள். நம் மலைக்கு மேற்கே, தர்மபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடியில் இருக்கும் ஊர். அங்கேயும் நம் மலையில் வாழும் அதே மலையாளி ஜனங்கள்தான். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ கும்பல் புகுந்தது. ஊரைச் சூறையாடியது, 18 பெண்களைப் பலாத்காரம் செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட்.

அன்றோடு முடிந்ததா? அப்பீல் போட்டார்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை கீழ்க்கோர்ட் தீர்ப்பு இறுதியல்ல. ஹைகோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். நாள் தவறாமல் பன்னிரண்டு வருஷம்!

அப்பீல் அவர்களுடைய உரிமை. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. உத்தியோகஸ்தனுக்குப் பன்னிரண்டு வருஷம் முடியாத வழக்கு, ஒரு கட்டு விறகுக்குப் பிடிபட்டவனுக்கு மட்டும் ஒரே பகலில் முடிவதேன்?

"ஒத்துக்கொள், அபராதத்தைக் கட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடி" என்பார்கள். இதுதான் வலை! குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர், தண்டனை அதிகம் அல்லது சட்டத்துக்கு விரோதம் என்று மட்டுமே அப்பீல் போகலாம். 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் கதவு மூடிப்போகும். ஒரு நாள் கூலி போகுமே என்று தலையாட்டியவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'குற்றவாளி' என்ற சொல் காதில் விழுந்ததும் இடிந்து உட்கார்ந்துவிடாதீர்கள். தண்டனை இன்னதென்று சொன்ன பிறகே விசாரணை முடிகிறது என்று 1995-ல் ராமா நாரங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்தால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். மரண தண்டனையானால் 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டி மனுப் போடலாம். ஜெயில் தண்டனை என்றால் நகல் உடனே, இலவசமாக. உள்ளே இருப்பவர் ஜெயில் அதிகாரி மூலமே அப்பீல் அனுப்பலாம். காவலில் உள்ளவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் 1987-ம் வருஷச் சட்டப்படி வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று கேட்க முடியாது.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. மலைக்கு ஏறி வந்து சொன்னவர் யார்?

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போகும் தோழரே, தலையாட்டுமுன் இலவச வக்கீலைக் கேளுங்கள். தண்டனை சொன்ன தேதியை ஒரு காகிதத்தில் எழுதி மடியில் முடிந்துகொண்டு வாருங்கள்.