சாட்டையா, தோளா?

காலையில் மூலக்குளத்தில் நின்று பாருங்கள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குச் செல்லும் கூட்டத்தில் மேஸ்திரியும் இருப்பார். மேலே முதலாளியின் அவசரம், கீழே ஆட்களின் அலுப்பு. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி!

அவருக்கு உபதேசிக்க ஆள் பஞ்சமா? வாரம் 90 மணி நேரம் உழைக்கச் சொன்னார், 2025இல் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர். ஞாயிறன்றும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வேறு! ஊற விடாத கிணற்றில் ஏற்றம் இறைத்தால், சாலில் வருவது சேறுதானே?

புதுவைக்கு இது புதுப்பாடம் அல்ல. 1936 ஜூலை 30இல், 8 மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி சுட்டது. மாண்டோர் 12 பேர்! மறு ஆண்டே அந்த உரிமை சட்டமாயிற்று. தலைமை தாங்கிய வ. சுப்பையா பொதுவுடைமைக்காரர், நம் இயக்கத்தவர் அல்லர், ஆயினும் சொல்வோம். தொழிலாளியின் களைப்பை முதலாளியின் வாசலுக்குக் கொண்டுபோனார் அவர். முதலாளியின் அவசரத்தைத் தொழிலாளியின் முதுகில் ஏற்றவில்லை.

நம் வீட்டையும் பார்ப்போமே. 2023 ஏப்ரல் 21இல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது கழக அரசுதான். கூட்டணித் தோழர்களே வெளிநடப்புச் செய்தனர். மே 1இல் திரும்பப் பெற்றார் மு.க. ஸ்டாலின். எள்ளுவோர் எள்ளட்டும், உடன் நிற்போர் முனகல் காதில் விழுந்ததே, அது போதும் நமக்கு.

மேஸ்திரி அவர்களே! “இரவும் ஆட்களை நிறுத்துங்கள்” என்று நாளை ஆணை வரும். இத்தனை பேர், இத்தனை மணி, இவ்வளவே சரக்கு என்று கணக்கெழுதிக்கொண்டு போய் நில்லுங்கள். முறைவைத்து ஆட்களுக்கு விடுப்புக் கொடுங்கள். அந்த முறைப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.