தம்ளருக்குள் ஒரு பள்ளிக்கூடம்

படிகாரத்தை அறியாத வீடு நம் நாட்டில் உண்டா? கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது அது. சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்ப்பதும் அதுதான். பூலாம்பாடி போன்ற ஊரிலும் மளிகைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அந்தக் கட்டிக்குள் ஒரு விஞ்ஞானப் பாடமே ஒளிந்திருக்கிறது.

செய்முறை எளிது. ஒரு தம்ளர் வெந்நீரில் படிகாரத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். இனிக் கரையாது என்னும்போது நிறுத்தித் துணியில் வடிகட்டுங்கள். அதில் சிறிதளவைத் தட்டில் ஊற்றி அசையாமல் வையுங்கள். ஓரிரு நாளில் பொடிப்பொடியாய்ப் படிகங்கள் தோன்றும். அவற்றில் அழகான ஒன்றை நூலில் கட்டி, நன்றாக ஆறித் தெளிந்த மீதி நீரில் தொங்க விடுங்கள். நீர் மெல்ல வற்ற வற்றப் படிகம் வளரும். இரண்டு கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியதுபோல் எட்டு முகங்களுடன் அது மின்னும்.

வெந்நீரைப் பெரியவர்களே ஊற்ற வேண்டும். படிகார நீரைக் குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது. மயில்துத்தம் நஞ்சு, அது வீட்டில் வேண்டாம்.

இந்த வடிவம் எப்படி வந்தது? கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் சிப்பாய்களைப் போல் வரிசை பிசகாமல் அடுக்கிக் கொள்வதால் வந்தது. வேதாரண்யம் உப்பளத்தில் வெயில் நடத்துவது இதே வித்தை. உடன்குடியில் பதநீர்ப் பாகு நூலைப் பற்றிப் பனங்கற்கண்டாவதும் இப்படித்தான். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், பழங்காலக் கடல் விட்டுச்சென்ற களிமண்ணுக்குள் பளபளக்கும் ஜிப்சமும் ஒரு படிகமே.

இது வெறும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி படிகாரப் படிகம் வளர்த்துப் பார்த்தாள். அவளே பின்னாளில் பென்சிலினின் அமைப்பைக் கண்டறிந்த டாரதி ஹாட்ஜ்கின். 1964-இல் நோபல் பரிசு பெற்றவர். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்று காட்டியதும் இந்தத் துறையின் கருவியான எக்ஸ்-கதிரைக் கொண்டுதான்.

நம் பிள்ளைகள் ‘படிகம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒரு படிகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? ஆய்வுக்கூடம் இல்லை என்று குறை சொல்கிறோம். ஆனால், ஆவலோடு அடுப்பங்கரைக்கு வரும் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, “தொடாதே, போய்ப் படி!” என்று விரட்டுபவர்களும் நாம்தானே?

பெற்றோரே, ஒரு தம்ளரையும் ஒரு மாடத்தையும் பிள்ளைக்கு ஒதுக்கிக் கொடுங்கள். முதல் முறை படிகம் வராமல் போகலாம். தம்ளரை ஆட்டினோமா? தூள் போதவில்லையா? தண்ணீர் ஆறுமுன் நூலை விட்டோமா? பிள்ளையே யோசிக்கட்டும், மறுபடியும் செய்யட்டும். தவறை விசாரித்துத் திருத்தும் அந்தப் பழக்கத்துக்குப் பெயர்தான் விஞ்ஞானம். தம்ளரில் வளர்வது படிகம் மட்டுமல்ல. பிள்ளையின் அறிவும் பொறுமையும் அதனுடன் சேர்ந்தே வளர்கின்றன.