இது தாலாட்டு இல்லை

ஆம்பியன்ட் இசை என்று பேச்செடுத்தாலே, “ஆமா, கேட்டா நல்லா தூக்கம் வரும்ல?” என்கிறார்கள். படிக்கும்போது போடலாம், ஆபீஸ் வேலை பார்க்கும்போது போடலாம், குழந்தை அழுதால் போடலாம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். எனக்கோ ஒரு கலையைத் தலையணைக்குள் வைத்துத் தைப்பது போலப் படுகிறது.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. எலெக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஒருவர் ஆம்பியன்ட் பக்கம் திரும்பினால், “ஆள் அடங்கிட்டாருப்பா” என்று முடித்துவிடுவார்கள். டிரம்ஸ் இருந்தால் இளமை, இல்லாவிட்டால் பென்ஷன். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: ஆம்பியன்ட் என்றால் ஓய்வு. அந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை. சாட்சிக்கு ஏஃபெக்ஸ் ட்வினைக் கூப்பிடுகிறேன்.

ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இயங்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வளர்ந்தவர். 1992இல் வந்த ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85-92’ ஆல்பத்தின் தலைப்பிலேயே ஆம்பியன்ட் இருந்தாலும், அதில் டிரம்ஸ் தாராளமாக இருந்தது. ஆடலாம். 1994 மார்ச்சில் வார்ப் நிறுவனம் இரண்டாம் தொகுதியை வெளியிட்டது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளம். டிரம்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. அப்போது அவருக்கு வயது 22. பென்ஷன் வாங்குகிற வயசா இது?

அந்தக் காலத்து லண்டன் கிளப்புகளில் ‘சில்-அவுட்’ அறை என்று ஒன்று இருந்தது. ஆடிக் களைத்தவர்கள் வந்து சாய்ந்துகொள்ளும் இடம். தி ஆர்ப், தி கேஎல்எஃப் போன்ற குழுக்களின் ஆம்பியன்ட் அந்தச் சூழலில் வளர்ந்ததுதான். ஜேம்ஸின் புது ஆல்பத்தையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். ஆனால் சாய்ந்தவர்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

டிரம்ஸ் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, நாம் எங்கே நிற்கிறோம், அடுத்து என்ன வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. உடம்புக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை. அதை எடுத்துவிட்டால் கைப்பிடி இல்லாத படிக்கட்டுதான். இந்த ஆல்பத்தில் சில டிராக்குகள் பேரழகு. அதற்குப் பக்கத்திலேயே ஆளில்லாத கட்டடத்துக்குள் மெஷின் மட்டும் ஓடுவது போன்ற டிராக்குகள். எது பயம், எது அமைதி என்று பிரிக்க முடியாது. பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் பெயரும் இல்லை. ஒரே ஒரு டிராக்குக்குத்தான் தலைப்பு, மற்றவற்றுக்குப் படங்கள். ‘ரூபார்ப்’, ‘கிளிஃப்ஸ்’ என்று இன்று சொல்லப்படுபவை ரசிகர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வைத்த பெயர்கள். பிடிமானம் வேண்டி அவர்களே கட்டிக்கொண்ட கைப்பிடி.

கனவில் கேட்ட ஒலிகளை எழுந்ததும் திரும்பச் செய்து பார்த்ததாக ஜேம்ஸ் சொல்லியிருக்கிறார். பேட்டிகளில் கதை விடுகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், அதனால் நம்புவது உங்கள் இஷ்டம். நம்பினால் ஒரு வேடிக்கை இருக்கிறது: தூக்கத்தில் பிறந்த இசை, கேட்பவரைத் தூங்க விடுவதில்லை.

“ஆம்பியன்ட்டுக்குப் பேர் வச்ச பிரையன் ஈனோவே, கவனிக்காம விட்டாலும் பரவாயில்லைன்னுதானே சொன்னார்?” என்று கேட்பீர்கள். பாதிதான் சொல்கிறீர்கள். கவனிக்காமல் விடவும் முடிய வேண்டும், கவனித்தால் சுவையாகவும் இருக்க வேண்டும் என்றார். 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்துக்கு எழுதிய அதே குறிப்பில், கடைகளுக்கும் லிஃப்டுகளுக்கும் பின்னணி இசை தயாரித்த கம்பெனிகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுகிறார். அவர்கள் இசையிலிருந்து சந்தேகத்தையும் நிச்சயமின்மையையும் துடைத்து எடுக்கிறார்கள், ஆம்பியன்ட் அவற்றை வைத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். நாம் என்ன செய்தோம்? துடைத்து எடுத்ததற்கே ஆம்பியன்ட் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் 30 விநாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ராத்திரி முழுக்க ஓடும் தூக்க பிளேலிஸ்ட்டுக்காக மழைச் சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கி விற்றார்கள். அது அளவு மீறிப்போய், இரண்டு நிமிடத்துக்குக் குறைந்த இரைச்சல் டிராக்குக்குப் பணம் கிடையாது என்று 2023இல் அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. கேட்பவர் தூங்கிக்கொண்டிருப்பதுதான் இந்த வியாபாரத்தின் முதலீடு.

தூக்கம் வராமல் தவிப்பவர் மழைச் சத்தம் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதே அலமாரியில் இந்த ஆல்பத்தையும் அடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நம் ஒவ்வொரு நிமிடத்திடமும் ‘உன்னால என்ன லாபம்?’ என்று கேட்கும் காலம் இது. தூக்கம்கூட நாளைய வேலைக்கான சார்ஜிங் ஆகிவிட்டது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் பத்து நிமிடம் ஒரு ஒலிக்குள் இருக்கும் பழக்கத்தையும் விட்டுக்கொடுத்தால், பிறகு கவிதையும் நமக்குக் கஷ்டம்தான்.

ஆகவே, இன்று ராத்திரி ஒரு டிராக். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தே கேளுங்கள். டிரம்ஸ் எப்போ வரும்னு மட்டும் காத்திருக்காதீங்க. வராது.