ஒரு கணனியில் இரண்டு இயங்குதளங்கள்: எமது கடைகளுக்குப் பொருந்துமா?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பத்து வருடங்களுக்கு மேல் எமது கடைகளிலும் காரியாலயங்களிலும் பில் அடித்து, ஸ்டொக் பார்த்து, கணக்கெழுதிய இயங்குதளம் அது. அடுத்து வந்த வின்டோஸ் 11 ஐப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால், மிகச் சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நான் போய்வரும் கடைகளில் காணும் கணனிகள் பல இந்த நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாதவை. ஆனால் அவை பழுதடைந்தவை அல்ல. நாளாந்தம் நன்றாகவே வேலை செய்கின்றன.

இந்நிலையில் வர்த்தகர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. புதிய கணனி வாங்குவது முதலாவது. மேலதிகப் பாதுகாப்புக்குக் கட்டணம் செலுத்துவது இரண்டாவது. நிறுவனங்களுக்கு இது முதல் வருடத்தில் கணனி ஒன்றுக்கு 61 டொலர். மூன்று வருடங்கள் வரை பெறலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கட்டணம் இரட்டிப்பாகும். மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் அப்படியே ஓட்டுவது. எம்மில் அநேகர் தெரிவு செய்வது இந்த மூன்றாவதைத்தான். 'என் கடைக் கணக்கை யார் திருடப் போகிறான்?' என்று கேட்போரும் உளர்.

திருடுபவன் கடையைப் பார்த்து வருவதில்லை. 2017 மே மாதத்தில் பரவிய வன்னாகிரை என்ற வைரஸ், சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமான கணனிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள். இனி அப்டேட்டே வராத கணனியின் நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கடன் கொப்பி கணனிக்குள் இருக்கும் கடைக்கு அது பூட்டப்பட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடமே கேட்டறிய நேரிடும்.

இதற்கு நான்காவது வழியொன்று உண்டு. ஒரே கணனியில் இரண்டு இயங்குதளங்களைப் பாவிப்பதே அது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை வின்டோஸுடன் சேர்த்து வைத்துக்கொள்வதையே இங்கு கருதுகிறேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை பழைய கணனிகளிலும் ஓடக்கூடியவை. தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் பெறுபவை. இதனை இரு முறைகளில் செய்யலாம்.

முதலாவது முறையில் ஹாட் டிஸ்க் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இயங்குதளம் நிறுவப்படும். கணனியைத் திறக்கும்போது எது வேண்டும் எனக் கேட்கும். ஒரே கடையறையைக் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் நடத்துவது போன்றது இது. ஒருவர் வெளியேறினால்தான் மற்றவர் உள்ளே வரலாம்.

இணையக் கடைகளின் கணனித் திருத்துநர்கள் அதிகம் சிபாரிசு செய்வது இம்முறையைத்தான். ஆனால் பில் அடிக்கும் கணனிக்கு இது உகந்ததல்ல என்பது எனது அபிப்பிராயம். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கணனியை மூடித் திறந்துகொண்டிருக்க முடியாது. அத்துடன் வேறு சில சிக்கல்களும் உள்ளன. லினக்ஸ் பொதுவாகக் கணனியின் உட்கடிகாரத்தில் கிறீன்விச் நேரத்தை எழுதிவைக்கும். வின்டோஸோ அதனை உள்ளூர் நேரம் என எடுத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்யாவிட்டால், காலை 10 மணிக்கு அடிக்கும் பில்லில் அதிகாலை 4.30 என நேரம் விழலாம். வின்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்தாமல் லினக்ஸிலிருந்து அதே கோப்புகளில் எழுதினால் அவை சேதமடையலாம். பிட்லொக்கர் பூட்டு உள்ள கணனியில் அதன் மீட்புச் சாவியைக் குறித்துவைக்காமல் டிஸ்க்கைப் பிரிப்பதும் ஆபத்து. 2024 ஓகஸ்ட்டில் வந்த வின்டோஸ் அப்டேட் ஒன்றினால் இவ்வாறு இரண்டும் வைத்திருந்த பலரது கணனிகளில் லினக்ஸ் திறக்க மறுத்தது.

இரண்டாவது முறை மெய்நிகர் கணனி. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள் ஒரு ஜன்னலில் வின்டோஸ் ஓடும். கடைக்குள் ஒரு சிறு கடை என்று சொல்லலாம். இணையம், மின்னஞ்சல், வங்கி வேலைகள் யாவும் அப்டேட் பெறும் லினக்ஸில் நடக்கும். வின்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருள், இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட அந்தச் சிறு கடைக்குள் இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், உள்ளேயிருக்கும் அந்த முழுக் கணனியும் பெரும்பாலும் ஓரிரு கோப்புகளாகவே இருப்பதாகும். இரவில் கடை மூடும்போது அதை நிறுத்தி, வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால், நாளை கணனி எரிந்தாலும் இன்னொரு கணனியில் கணக்கைத் திறக்கலாம்.

இதற்கு 8 ஜீ.பி. நினைவகமாவது வேண்டும். பழைய கணனிக்கு நினைவகம் கூட்டுவதும் எஸ்.எஸ்.டி. போடுவதும் புதிய கணனி வாங்குவதை விட மிகக் குறைந்த செலவு. உரிமம் விடயத்திலும் வர்த்தகர்கள் கவனமாக இருக்க வேண்டும். வேர்ச்சுவல்பொக்ஸின் அடிப்படைப் பொதி வர்த்தகப் பாவனைக்கும் இலவசம். ஆனால் அதனுடன் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பெக் அவ்வாறல்ல. வீ.எம்.வெயார் வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டது. உள்ளே ஓடும் வின்டோஸுக்கும் முறையான உரிமம் தேவை. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

லினக்ஸ் எல்லாவற்றையும் செய்யும் என்று நான் சொல்லவில்லை. பார்கோட் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை விசைப்பலகை போலவே இயங்குவதால் அதில் பிரச்சினை குறைவு. பில் பிரின்டரைக் கட்டாயம் முன்கூட்டியே பரீட்சிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துருவை நிறுவும் வரை ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஊழியர்கள் பழகச் சில நாட்கள் செல்லும்.

'பழுதானால் யார் திருத்துவது?' என்பது நியாயமான கேள்வி. ஒருவர் வந்து அமைத்துவிட்டுப் போன பின், கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருப்பதானால் அது பாதுகாப்பல்ல, அடிமைத்தனம். செய்தவற்றையும் கடவுச்சொற்களையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்நாட்டில் இத்துறையில் ஆட்கள் இல்லை என்பதும் சரியல்ல. 2004 சுனாமியின் பின் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க எமது நாட்டு இளைஞர்கள் உருவாக்கிய 'சஹானா' திறந்த மென்பொருளாகவே வெளியாகி, பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது.

எனவே எனது ஆலோசனை இதுதான். புதிய கணனி வாங்க வசதியுள்ளவர் தாராளமாக வாங்கட்டும். வசதியில்லாதவர் முதலில் கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுக்கட்டும். பின்னர் லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே திறந்து, எதையும் நிறுவாமல் ஓரிரு நாட்கள் பரீட்சித்துப் பார்க்கட்டும். திருப்தியென்றால் கடை மூடும் நாளொன்றில் மெய்நிகர் முறையில் அமைத்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாதென்போர் குறைந்தபட்சம் பில் அடிக்கும் கணனியின் இணைய வயரையாவது இன்றே கழற்றிவிடட்டும். அதற்குச் செலவேதுமில்லை.