பல் டாக்டருக்கு செல்போன்தான் வாத்தியாரா? சொத்தைப் பல் அடைக்கப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்!

திருவொற்றியூர்: காசிமேட்டில் போட் என்ஜின் பிரிக்கிற மெக்கானிக், புது மாடல் வந்தால் என்ன செய்கிறார்? செல்போனை எடுத்து யூ-டியூப்பில் தட்டிப் பார்க்கிறார். பட்டறையில் வெல்டரும் அப்படித்தான். இப்போது பல் டாக்டர்களும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள்.

சொத்தையை எப்படி சுரண்டுவது, பல் நிறத்திலேயே எப்படி அடைப்பது, உடைந்த முன்பல்லை எப்படி கட்டி நிறுத்துவது... எல்லாவற்றையும் டாக்டர்களே வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமிலும் யூ-டியூப்பிலும் போடுகிறார்கள். மற்ற டாக்டர்கள் பார்த்து கற்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எக்ஸ்ரே படத்தைப் போட்டு சீனியரிடம் யோசனை கேட்பதும் சகஜம். 2020 கொரோனா ஊரடங்கில் கிளினிக்குகள் மூடிக் கிடந்தபோது இந்தப் பழக்கம் வேகம் பிடித்தது.

"அப்போ நம்ம வாயிலதான் கத்துக்கறாங்களா?" என்று பதற வேண்டாம். விஷயத்தில் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு.

படிச்சது பத்தலையா?

பி.டி.எஸ். படிப்பு மொத்தம் 5 வருஷம். அதில் கடைசி 1 வருஷம் ஆஸ்பத்திரி பயிற்சி. ஆனால் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. நம்ம அப்பா, அம்மா வாயில் கறுப்பாகத் தெரியுமே, பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு... அந்தக் காலம் முடியப் போகிறது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் சில விதிவிலக்கு தவிர அதற்குத் தடை. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, 2034-க்குள் அதை நிறுத்த முடிவு செய்தன. இந்தியாவும் 2018-ல் இந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடுதான்.

வெள்ளி அடைப்பு போடவே அதிகம் பழகிய பழைய டாக்டர், பல் நிற கம்போசிட் வேலையைப் புதுசாகப் பழகித்தான் ஆகணும். கிளினிக்கைப் பூட்டிவிட்டு திரும்ப காலேஜ் போக முடியுமா? சக டாக்டரின் வீடியோ கைகொடுக்கிறது. கற்றுக்கொள்கிற டாக்டர், கற்காத டாக்டரை விட மேல். இதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே?

கம்போசிட் ஒட்டுகிற பொருள். பல் காய்ந்து இருக்கணும். அடைக்கும்போது எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறார்கள். சாதாரண வகை என்றால் ஒரே தடவையில் அப்பாமல், சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கு காட்டணும். பொறுமையான வேலை.

வீடியோவிலோ இதெல்லாம் 1 நிமிஷத்தில் முடிந்துவிடும்! சரியாக வந்த பல்லைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். 2 வருஷம் கழித்து அந்த அடைப்பு நின்றதா, விழுந்ததா என்பது வீடியோவில் வராது. அவசரத்தில் போட்ட அடைப்பில் இடுக்கு விழுந்தால், உள்ளே திரும்ப சொத்தை. அப்புறம் ரூட் கேனால், கேப், கடைசியில் பல்லையே பிடுங்கணும். ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் சம்பளம் போச்சு.

வீடியோவில் அதிகம் காட்டாத இன்னொன்று, கருவியைச் சுத்தம் செய்வது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த 8 பேர், மூளையைத் தாக்கும் கிருமித் தொற்றால் இறந்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வு காட்டிய காரணம் என்ன தெரியுமா? சலைன் பாட்டிலைப் பல் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான். கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் சுத்தம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

போலிகளும் இதே வீடியோவைப் பார்க்கலாம் என்பது இன்னொரு தலைவலி. சட்டப்படி, பதிவு செய்யாதவர் பல் வைத்தியம் பார்ப்பது குற்றம்.

நாம என்ன கேட்கணும்?

நாற்காலியில் உட்காரும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? கருவியை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தீங்களா? எச்சில் படாம எப்படி அடைப்பீங்க? அடைப்பு விழுந்தா திரும்ப பார்ப்பீங்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். உங்க பல்லைப் படம் எடுத்துப் போடுவதென்றால் உங்க சம்மதம் வேணும்.

காசு இல்லையா? ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கு. கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன். அங்கேயும் மாணவர்கள் கற்றுக்கொண்டுதான் வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால் பக்கத்தில் வாத்தியார் நிற்கிறார், கை தவறினால் உடனே பிடித்துத் திருத்துவார்.

செல்போன் அதைச் செய்யாது. வீடியோ பார்த்த டாக்டர் முதலில் பிடுங்கிய பல்லிலும், பிளாஸ்டிக் பல்லிலும் போட்டுப் பழகி, சீனியரிடம் காட்டி, அப்புறம் நம்ம வாய்க்கு வரட்டும். கற்றுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒத்திகை மட்டும் நம்ம பல்லில் வேண்டாம்!